நிதான எண்

"நேற்று மாலை என்ன செய்தீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள். அவசரம் இல்லை. மூன்று நிமிடம் இருக்கிறது" என்றது இயந்திரம்.

ரெஜினா கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு மைக், ஒரு பச்சை விளக்கு. வேறொன்றும் இல்லை. துவாக்குடியில் பாய்லர் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலை அது. வெளியே இரும்பு தேய்க்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இங்கே வரவில்லை.

நேற்று மாலை அவள் துணி மடித்தாள். அதைச் சொன்னாள். ரசம் வைத்தாள். அதையும் சொன்னாள். தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள். இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. ரசத்தில் பெருங்காயம் போட மறந்துவிட்டதைச் சொன்னாள். தன் குரல் எப்படிக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து நாக்கு கொஞ்சம் தடித்த மாதிரி இருக்கும். சொற்கள் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் வந்துகொண்டிருக்கும். வருத்தமான செய்தியும் பெருங்காயமும் அந்தக் குரலில் ஒன்றுதான்.

விளக்கு அணைந்தது. அவள் வெளியே வந்தபோது காதர் மொகிதீனின் மேசைத் திரையில் எண் வந்திருந்தது. ஐம்பத்திரண்டு.

காதர் மொகிதீன் அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் மேலாளர். ஐம்பதைத் தாண்டியவர். திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அறுபது வேணும்மா."

"தெரியும் சார்."

"காலையில நீங்க பாத்துக் குடுத்த டிராயிங்க எங்க டிசைன் ஹெட்கிட்ட காட்டினேன். தொட்டியில குழாய் மாட்டுற வாய் இடது வலது மாறி இருந்தத நாலு பேரு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க இருவது நிமிஷத்துல புடிச்சிட்டீங்க. இன்னிக்கே சேத்துக்குங்கன்னுட்டாரு."

ரெஜினா இதே மாதிரி ஐந்து தொழிற்சாலைகளில் கேட்டிருக்கிறாள். வேலைத் தேர்வில் முதலாவதாக வருவாள். பிறகு கண்ணாடி அறைக்குள் போவாள்.

"ஏன் குறைஞ்சுதுன்னு நான் கேக்கலம்மா. கேக்கவும் கூடாது. முன்னாடி என்ன வியாதி, இப்ப என்ன மாத்திரைன்னு எந்தக் கம்பெனியும் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனாலதான் மெஷின வச்சிருக்காங்க. அதுவும் வியாதியப் பத்திக் கேக்கல பாருங்க. சாயங்காலம் என்ன பண்ணீங்கன்னுதான் கேக்குது. நீங்க என்ன சொல்றீங்கங்கிறது அதுக்கு முக்கியம் இல்ல. எப்படிச் சொல்றீங்கங்கிறதுதான்."

"அறுபதுக்குக் கீழ எடுத்தா?"

"தொழிற்சாலை மொத்தத்துக்கும் இன்சூரன்ஸ் ஏறும். மொதலாளி ஒத்துக்க மாட்டாரு. நாப்பதுலேருந்து அறுபதுக்குள்ள ரெண்டாம் பட்டியல். அதே மேசை, அதே வேலை, சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல. மூணு மாசத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும். வேண்டாம்னா முப்பது நாளுக்குள்ள இன்னொரு தடவ பேசலாம். வீட்டுலேருந்தே ஃபோன்ல பேசலாம். ஆனா ரெண்டாவது வர்றதுதான் நிக்கும். நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா ஒரு வருஷத்துக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. இங்க மட்டும் இல்ல. எங்கயும்."

நிதான எண் என்று அரசாங்கத் தாள்களில் அதற்குப் பெயர். ஊரில் எல்லோரும் நம்பர் என்றார்கள்.

"முப்பது நாள் எடுத்துக்கிறேன் சார்" என்றாள் ரெஜினா.

ரெஜினாவுக்கு முப்பத்து நான்கு வயது. வேலை என்று பார்த்தால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மற்றவர்கள் வரைந்த வரைபடங்களில் தவறு கண்டுபிடிப்பது. ஆறு வருடத்துக்கு முன்னால் வேறொரு தொழிற்சாலையில் அந்த வேலையில்தான் இருந்தாள். அப்போதுதான் யாரோ தினமும் அளவுகளை மாற்றி வைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. முதலில் ஒரு சந்தேகம். பிறகு உறுதி. ஒரே வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்களைச் சிவப்பு மையில் திருத்தினாள். எல்லாம் சரியாக இருந்த வரைபடங்கள். அதை நம்பி இரண்டு இரும்புத் தகடுகளை வெட்டிவிட்டார்கள். தங்கை பெனிட்டாதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இரண்டு மாதம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது அளவுகள் பேசுவதை நிறுத்தியிருந்தன. மற்ற எல்லாமும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு ஐந்தரை வருடம். ஒரு தடவைகூட நோய் திரும்பவில்லை. மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டினாள், கோச்சிங் சென்டரில் வருகைப் பதிவு தட்டச்சினாள், எல்லாம் இரண்டாம் பட்டியல். மூன்று மாதம் முடிந்ததும் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள். அம்மா போன பிறகு வீடு பெனிட்டாவின் சம்பளத்தில்தான் ஓடியது. அவள் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தாள். மாதா கோயில் பாடற்குழுவில் முதல் வரிசையில் நின்று பாடியவள். அவர்கள் குடியிருந்த பாலக்கரையில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் குறைவு.

மறுநாள் ரெஜினா புத்தூரில் டாக்டர் சுபத்ராவைப் பார்க்கப் போனாள். ஐந்து வருடமாக அவர்தான் அவளைப் பார்க்கிறார்.

"மாத்திரையக் கொஞ்சம் குறைக்க முடியுமா டாக்டர்? ஒரு மாசத்துக்கு மட்டும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நம்பருக்கா?"

"ஆமா."

"இந்த மாசம் நீங்க ஒன்பதாவது ஆளு." டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த மெஷினுக்கு எப்படிப் பாடம் சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு வந்த ஆயிரக்கணக்கான பேரோட குரலப் பதிவு பண்ணி, இதுதான் நோய்னு காட்டினாங்க. வந்தவங்க எல்லாரும் மாத்திரை சாப்பிடுறவங்க. அப்ப அது நோயக் கத்துக்கிச்சா, மாத்திரையக் கத்துக்கிச்சா? முடியாம இருக்கறவங்களையும், முடியாம இருந்து சரியானவங்களையும் அதுக்குப் பிரிக்கத் தெரியாது."

"அப்ப அது பொய்தானே சொல்லுது?"

"முழுப் பொய்யின்னும் சொல்ல முடியல. எதையோ கேக்குது. நமக்குக் கேக்காத எதையோ. அதுதான் சங்கடம்." டாக்டர் பழைய சீட்டிலேயே தேதியை மட்டும் மாற்றி எழுதினார். "குறைக்க முடியாது ரெஜினா. உங்களுக்கு நல்லா வேல செய்யிற அளவு இது."

அவள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினாள். வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தாள். அன்று சாயங்காலம் போடவில்லை.

நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் எலுமிச்சை ஊறுகாய் புளித்தது. அவ்வளவு புளிப்பை அவள் மறந்தே போயிருந்தாள். ஏழாம் நாள் டவுன் பஸ்ஸில் ஒரு கிழவர் நடத்துநரோடு போட்ட சண்டையைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். ஒன்பதாம் நாள் தன் குரலை ஃபோனில் பதிவு செய்து கேட்டாள். ஏறியது, இறங்கியது. யாரோ தெரிந்தவர்களின் குரல் போல இருந்தது. இது போதும், இதோடு பேசிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

பதினோராம் நாள் பஸ் சீட்டின் கடைசி மூன்று எண்கள் வீட்டுக் கதவு எண்ணாக இருந்தன. தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் மின்சார மீட்டரின் முன்னால் நின்றாள். அதிலும் அதே மூன்று எண்கள் வந்து போயின. வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மாத்திரையை எடுக்கவில்லை. இன்னும் சில நாள்தானே என்றிருந்தது.

அடுத்த நாள் பெனிட்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் அலமாரியைத் திறந்தாள்.

"அக்கா, இங்க வா."

கையில் மாத்திரை அட்டை இருந்தது. பிரிக்கவே இல்லை.

"எத்தன நாளாச்சு?"

"பதிமூணு."

பெனிட்டா சத்தம் போடவில்லை. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மீட்டருக்கு முன்னாடி நின்ன. நான் வாசல்லேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். பால் பொங்கி வழிஞ்சுது. நீ திரும்பல."

"நம்பருக்காகத்தான் பெனி. இருபத்தஞ்சாம் தேதி பேசிட்டு மறுபடி போட்டுக்குவேன்."

"அதுக்குள்ள எங்க போயிருப்ப, உனக்குத் தெரியுமா? போன தடவ ஆஸ்பத்திரி கேட்டுல என்னப் பாத்து யாருன்னு கேட்ட. இன்னொரு தடவ என்னால முடியாதுக்கா." நிதானமாகத்தான் சொன்னாள், நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வது போல. பிறகு எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்ப போடு. எனக்கு முன்னாடி போடு. ஃபோன்ல நான் பேசுறேன்."

"நீயா?"

"ஃபோன்லதானே? நம்ம ரெண்டு பேரு குரலும் ஒண்ணுன்னு அம்மாவே ஏமாறுவாங்க. நாப்பது பிள்ளைங்கள நாள் முழுக்கக் குரலாலதான் கட்டிப் போடுறேன். ஒரு மெஷின்கிட்ட மூணு நிமிஷம் பேச மாட்டேனா?"

ரெஜினா மாத்திரையை விழுங்கினாள். பத்து நாளில் ஊறுகாயின் புளிப்பு போய்விட்டது. எண்கள் வெறும் எண்களாக நின்றன.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்ட பிறகு இருவரும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். ஃபோன் கட்டில் மேல் இருந்தது. பெனிட்டா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வகுப்புக்குள் நுழைகிறவள் போல நிமிர்ந்தாள். ரெஜினாவின் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் சொன்னாள்.

"அண்மையில் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றது இயந்திரம்.

பெனிட்டா ஒரு கணம்தான் தயங்கினாள். பிறகு முக்கொம்புக்குப் போனதைச் சொன்னாள். போன வாரம் பாடற்குழுவோடு வேனில் போனோம். அணைக்கட்டில் குரங்குகள். ஸ்டெல்லா டீச்சர் புளியோதரை டப்பாவைத் திறந்ததும் ஒரு குரங்கு டப்பாவோடு மரத்தில் ஏறிவிட்டது. மேலே உட்கார்ந்து ஒவ்வொரு வேர்க்கடலையாகப் பொறுக்கித் தின்றது, கடைசியில் வெறும் டப்பாவை டீச்சர் தலைமேல் போட்டது. சொல்லும்போதே சிரித்தாள். குரங்கு மாதிரி குரல் மாற்றிக் காட்டினாள். மூன்று நிமிடம் போனதே தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ரெஜினாவுக்கு இது எண்பதைத் தாண்டும் என்று தோன்றியது.

பத்து விநாடி கழித்து எண் வந்தது. முப்பத்தேழு.

பெனிட்டா திரையைப் பார்த்தாள். சிரித்தாள். "என்னக்கா இது, ஓட்ட மெஷின். தப்பாக் கேட்டிருக்கு." எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ரெஜினா போய்ப் பார்த்தாள். பெனிட்டா கையில் ஒரு தட்டு இருந்தது. தண்ணீர் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. தட்டு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. ரெஜினா குழாயை மூடினாள்.

"முக்கொம்பு போய் அஞ்சு வருஷம் ஆச்சு பெனி."

"அதனால என்ன? கதைதானே."

"வேற ஒண்ணும் நெனவு வரலையா?"

பெனிட்டா பதில் சொன்னபோது வந்தது வேறு குரல். ரெஜினா அந்தக் குரலைத் தங்கையிடம் கேட்டதே இல்லை. ஆனால் தெரிந்த குரல்தான். ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் வந்தது.

"கேட்டதும் யோசிச்சேன்க்கா. ஒண்ணும் வரல. உள்ள போய்த் தேடுனேன். அந்தக் குரங்குதான் இருந்துச்சு."

"எத்தன நாளா இப்படி?"

"நாலு வருஷம் இருக்கும். மொதல்ல அசதின்னு நெனச்சேன். படுத்தா தூக்கம் வராது. விடிஞ்சா எந்திரிக்க முடியாது. ஸ்கூல் பஸ் ஸ்டாப்புல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் உள்ள போவேன். குட் மார்னிங் சில்ட்ரன்னு மெல்லச் சொல்லிப் பாத்துக்குவேன். சரியா வர்ற வரைக்கும். வந்ததும் எந்திரிச்சுப் போவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி? ரெண்டு பேரும் படுத்துட்டா வாடகைய யாரு குடுக்கிறது?"

அதில் கோபம் இல்லை. ரெஜினா தங்கையின் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தாள். இப்போது அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை, மாத்திரை அதையும் தள்ளி வைத்திருந்தது. பாடற்குழுவுக்கு இப்போதெல்லாம் போவதில்லை என்று பெனிட்டா சொன்னபோது ஏன் என்று கேட்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்ததைக் கேட்டிருக்கலாம். நூறு வரைபடங்களில் ஒரு கோடு பிசகினாலும் தெரியும் கண், ஒரே வீட்டில் நான்கு வருடமாக இதைப் பார்க்கவில்லை.

"டாக்டர்கிட்ட போவோம்" என்றாள்.

"ஜூன்ல எங்க ஸ்கூலுக்கும் டெஸ்ட் வருது. பழைய ஆளு புது ஆளு எல்லாருக்கும். மாத்திரை போட்டா என் குரலும் உன்னுது மாதிரி ஆயிடும். போடலன்னா முப்பத்தேழு." பெனிட்டா கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "ரெண்டுல எது வேணும் சொல்லு."

ரெஜினா அந்தத் தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காதர் மொகிதீன் ஃபோன் செய்தார்.

"ரெஜினாம்மா, தனியா இருக்கீங்களா?"

"சொல்லுங்க சார்."

"முப்பத்தேழுன்னு வந்திருக்கு. கூடவே ஒரு குறிப்பும் வந்திருக்கு. மொதப் பதிவுக்கும் இதுக்கும் குரல் ஒத்துப்போகுமான்னு சந்தேகம், நேரடியா விசாரிக்கவும்னு. இதுல முடிவு எடுக்க வேண்டியது நான்தான்." அவர் குரலைத் தணித்தார். "வேற யாராவது பேசினாங்கன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா இது ரத்தாயிடும். பழைய ஐம்பத்திரண்டு நிக்கும். ரெண்டாம் பட்டியல்ல நாளைக்கே வேலைக்கு வரலாம். டிசைன் ஹெட்டு உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"ஒரு வரி போதுமா சார்?"

"பேசினது யாருன்னு பேர் எழுதணும். அந்த முப்பத்தேழு அவங்க கணக்குக்குப் போயிடும். அவங்க வேலை பாக்குற எடத்துக்கும் தகவல் போவும். அத நான் நிறுத்த முடியாது."

அறைக்குள் பெனிட்டா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன.

"பேசினது நான்தான் சார்" என்றாள் ரெஜினா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சளி புடிச்சிருந்துச்சு. அதனால வேற மாதிரி கேட்டிருக்கும். என் குரல்தான்."

ஃபோனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரிம்மா" என்றார் காதர் மொகிதீன். "விண்ணப்பதாரரின் குரல்னே எழுதிக்கிறேன்."

இதை அவள் பெனிட்டாவிடம் சொல்லவில்லை. வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரலில் பெனிட்டா வேலையை விட்டாள். சோதனையில் தவறினால்தான் எண் விழும், அதற்கு முன்பே ராஜினாமா செய்தால் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது டாக்டர் சுபத்ராதான். அந்தப் பங்குனி மாதத்தில் மட்டும் அவரிடம் வந்த ஆறு ஆசிரியர்களுக்கு அதையே சொன்னாராம். பள்ளிக்கூடத்தில் வழியனுப்பு விழா வைத்தார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பெனிட்டா பத்து நிமிடம் பேசினாள். பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். இவ்வளவு சந்தோஷமான ஆள் ஏன் போகிறாள் என்று ஸ்டெல்லா டீச்சர் ரெஜினாவிடம் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பெனிட்டா சேலையைக்கூட மாற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் முதல் மாத்திரை.

அவர்கள் வீட்டை மாற்றினார்கள். ஒரே அறை, பொதுக் குளியலறை. ரெஜினா பைபாஸ் ஓரத்து வெங்காய மண்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே யாரும் பதிவு செய்துகொள்வதில்லை. இன்சூரன்ஸும் இல்லை, நம்பரும் இல்லை. பெயரைக்கூட இரண்டாம் நாள்தான் கேட்டார்கள். பெரம்பலூரிலிருந்து வந்து இறங்கும் சின்ன வெங்காயத்தைத் தரையில் கொட்டி, பெரியது, நடுத்தரம், பொடி என்று பிரிக்க வேண்டும். அழுகலை எடுக்க வேண்டும். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிரிப்பார்கள். அழுகலைக் கண்டுபிடிப்பதில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது என்று மூன்றாவது வாரத்தில் மண்டிக்காரர் சொன்னார். கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டாம் பட்டியலில் பாதிகூட இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் மதியம், மற்றப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தபோது, மண்டி வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெயிலில் இருந்து வந்ததால் முகம் தெரியவில்லை. கிட்டே வந்ததும்தான் காதர் மொகிதீன் என்று தெரிந்தது. இளைத்திருந்தார்.

"உங்க பழைய வீட்டுல விசாரிச்சேன். இங்கன்னு சொன்னாங்க."

ரெஜினா ஒரு காலிச் சாக்கை மடித்துப் போட்டாள். அவர் அதன் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜூன்ல எங்களுக்கும் வச்சாங்கம்மா. பழைய ஆளுங்களுக்கு. நாப்பத்தாறு."

"உங்களுக்கா சார்?"

"எனக்குத்தான். பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். நானூறு பேர அந்த ரூமுக்குள்ள அனுப்பியிருப்பேன். இப்பவும் அதே நாற்காலிதான், அதே மேசைதான். ரெண்டாம் பட்டியல்." அவர் சிரிக்கப் பார்த்தார். "நேத்துகூட மூணு பேர உள்ள அனுப்பினேன்."

"ஒடம்புக்கு ஏதாவது..."

"ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கேன். வீட்டுக்காரம்மா மவுத்தாகி பதினோரு மாசம் ஆவுது. அடக்கம் பண்ணிட்டு மூணாம் நாளே வேலைக்கு வந்துட்டேன். அப்புறம் ஒரு நாள் லீவு போடல. எல்லாரும் மெச்சினாங்க. அந்த மெஷின் என்ன கேட்டுச்சு தெரியுமா? நேத்து யாரோட சாப்பிட்டீங்கன்னு."

ரெஜினா கையில் இருந்த வெங்காயத்தை அழுத்திப் பார்த்து நடுத்தரக் குவியலில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"அது வியாதியா, இல்ல வெறும் துக்கமா, யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல. மகன் துபாயில இருக்கான். அவன்கிட்ட சொன்னா பயந்துடுவான். ஆபீஸ்ல யாருகிட்டயும் பேச முடியாது, அது உங்களுக்கே தெரியும். யோசிச்சுப் பாத்தா உங்க பேருதான் வந்துச்சு."

அவள் டாக்டர் சுபத்ராவின் பெயரையும் புத்தூர் முகவரியையும் சொன்னாள். செவ்வாய், வியாழன் போனால் கூட்டம் குறைவு என்றாள். அவர் ஃபோனில் குறித்துக்கொண்டார். எழுத்துப் பிழையாக அடித்துவிட்டு மறுபடி அழித்து அடித்தார். உடனே எழுந்து போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் போகவில்லை.

"அன்னிக்குப் பேசினது உங்க தங்கச்சிதானே?"

ரெஜினாவின் கை நின்றது.

"பயப்படாதீங்க. நான் எழுதினது எழுதினதுதான், அதுல மாத்தம் இல்ல. ரெண்டு பதிவையும் அப்பவே போட்டுக் கேட்டேன். குரங்கு கதை." அவர் வாசல் பக்கம் பார்த்தார். "அந்த ரூம்ல இத்தன வருஷத்துல அவ்வளவு நல்லா யாரும் பேசிக் கேட்டதில்ல. ரெண்டு தடவ கேட்டேன். சிரிப்பு வந்துச்சு. அதுக்குப் போய் மெஷின் முப்பத்தேழு குடுத்திருக்குதேன்னு கோவம் வந்துச்சு. என் நம்பர் வந்த அன்னிக்குத்தான் மறுபடி யோசிச்சேன், அந்தச் சிரிப்புல அதுக்கு வேற எதுவோ கேட்டிருக்கும்னு."

சாப்பிடப் போன பெண்கள் பேசிக்கொண்டே திரும்பி வரும் சத்தம் தெருவில் கேட்டது. காதர் மொகிதீன் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். சட்டையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டார்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"தூங்குறா சார்" என்றாள் ரெஜினா. "காலையில நான் கெளம்பும்போதும் தூங்கிக்கிட்டிருந்தா. எழுப்பல."